மருத்துவச்சியை வைத்து வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. ஈரோடு மாவட்டத்தில் ஒரு கிராமம். இப்போது ஏழாம் மாதம், இரண்டாவது குழந்தை. முதல் பிரசவம் நான்கு வருடங்களுக்கு முன் ஆஸ்பத்திரியில் நடந்தது. சுகப்பிரசவம் என்றார்கள், எனக்கு அதில் சுகம் ஒன்றும் இல்லை. பதினோரு மணி நேரம் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். தண்ணீர் கேட்டதற்குத் திட்டு. அம்மாவை உள்ளே விடவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் கத்தரித்துத் தையல் போட்டார்கள். ஒன்றரை மாதம் ஒழுங்காக உட்கார முடியவில்லை. என் கணவர் இயற்கை வாழ்வியல் குழு ஒன்றில் இருக்கிறார். அங்கே ஒரு அம்மாள் தன்னை மருத்துவச்சி என்று சொல்லிக்கொள்கிறார். வீட்டுக்கே வந்து பார்ப்பாராம். "உன் பாட்டி ஆறு பிள்ளைகளையும் வீட்டில்தானே பெற்றார்கள், வெளிநாட்டில் படித்தவர்களே இப்போது வீட்டில்தானே பெறுகிறார்கள்" என்கிறார் கணவர். மாமியாருக்குச் சம்மதமில்லை. ரத்தம் 9.2 இருக்கிறது, மற்றதெல்லாம் சரி என்று எங்கள் ஊர் நர்சம்மா சொன்னார். ஆரம்ப சுகாதார நிலையம் ஆறு கிலோமீட்டர், தாலுகா ஆஸ்பத்திரி பதினெட்டு கிலோமீட்டர். மறுபடியும் அந்த மேசையில் போய்ப் படுக்க எனக்கு மனமில்லை. வீட்டில் பெற்றுக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டில் வேண்டாம். ஏழாம் மாதத்தில் இருக்கும் உங்களிடம் சுற்றி வளைத்துப் பேசக் கூடாது என்பதால் பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் 'வேண்டாம்' என்பதோடு முடித்துக்கொண்டால், உங்களை அதட்டிப் படுக்கவைத்தவர்களோடு நானும் ஒருத்தி ஆகிவிடுவேன்.

உண்மையில் நான் அவர்களில் ஒருத்தியாக இருந்தவள்தான். 29 ஆண்டுகள் பிரசவ அறையில் வேலை பார்த்தேன். முதல் ஏழெட்டு ஆண்டுகள், வலி தாங்காமல் கத்தும் பெண்களிடம் "கத்தினால் குழந்தை மேலே ஏறிக்கொள்ளும்" என்று நானும் மிரட்டியிருக்கிறேன். எந்தக் குழந்தையும் அப்படி ஏறியதில்லை. தலைப்பிரசவம் என்றால் கேள்வியே இல்லாமல் கத்தரிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள், கத்தரித்தோம். தையல் பிரிந்து, உட்கார முடியாமல், பத்தாம் நாள் குழந்தையோடு நின்றுகொண்டே என்னிடம் பேசிய பெண்கள் உண்டு. அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் பிரசவ நேரப் பராமரிப்பு குறித்துப் பரிந்துரைகள் வெளியிட்டது. எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தரிக்கக் கூடாது. வலி நேரத்தில் நடக்கலாம், குத்தவைக்கலாம், நிமிர்ந்து உட்காரலாம். தண்ணீர் குடிக்கலாம், எளிய ஆகாரம் சாப்பிடலாம். பெண் விரும்பும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே தீர வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்து அவசரப்படுத்தக் கூடாது. இவை எல்லாமே அதில் இருக்கின்றன. பதினோரு மணி நேரம் உங்களை மல்லாக்கப் படுக்கவைத்ததற்கு மருத்துவக் காரணம் இருந்திருக்க வாய்ப்பு குறைவு, அது பழக்கதோஷம். உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் கோபம் உங்களை யார் கையில் கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் என் கவலை.

மருத்துவச்சி என்ன செய்வாள்? பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அவள் ஒன்றுமே செய்யாததுபோல்தான் தெரியும். முதுகை நீவிவிடுவாள், வாயில் நாலு மடக்கு கஞ்சி ஊற்றுவாள், "இன்னும் கொஞ்சம்தான் தாயி" என்பாள். நடுநடுவே ஊதுகுழல் போன்ற ஒரு கருவியை வயிற்றில் அழுத்திக் காதை வைத்துக் குழந்தையின் நாடித்துடிப்பை எண்ணுவாள். வலி நன்றாகப் பிடித்த பிறகு அரை மணிக்கு ஒரு தடவையாவது, முக்கத் தொடங்கிவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். வலி நின்ற பிறகும் துடிப்பு மேலேறாமல் தாழ்ந்தே கிடந்தால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். ரத்த அழுத்தம், பனிக்குட நீரின் நிறம், வலிகளுக்கு இடையிலுள்ள இடைவெளி எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வருவாள். பத்தில் எட்டு ஒன்பது பிரசவங்களில் அந்தத் தாளுக்கு வேலையே இருக்காது. இருந்தாலும் குறிப்பாள். பிரசவத்தை நடத்துவது உடம்பு. உடம்பு எந்த நிமிடத்தில் தடுமாறுகிறது என்று கவனித்து, அடுத்த கைக்கு மாற்றுவதுதான் மருத்துவச்சியின் படிப்பு.

ஓர் இரவில் நடந்ததைச் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் எனக்கு இரவுப் பணி. வந்தவளுக்கு உங்கள் வயதுதான் இருக்கும், அவளுக்கும் இரண்டாவது பிரசவம். இரண்டு மணிக்கு வந்தாள், மூன்றேகாலுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. கத்தரிக்கவில்லை, ஒரு தையல்கூட இல்லை. குழந்தை நன்றாக அழுதது, அவள் தொடையில் ஊசி போட்டேன், நஞ்சுக்கொடி முழுசாக விழுந்தது. கதவுக்கு வெளியே அவளுடைய மாமியார் யாருக்கோ போன் போட்டு "பையன், பையன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவள் அடிவயிற்றில் கையை வைத்தபடி என்ன பெயர் வைப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளை பிறந்து நஞ்சும் விழுந்த பின் கருப்பை சுருங்கி, தொப்புளை ஒட்டி ஒரு தேங்காய் மாதிரிக் கெட்டியாகக் கையில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்பட்டது. அவள் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தத் தேங்காய் காணாமல் போயிற்று. பிசைந்த மாவில் அழுந்துவதுபோல விரல் உள்ளே போனது.

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே விரித்திருந்த துணி நனைந்து, மேசையின் ஓரத்திலிருந்து தரையில் சொட்டத் தொடங்கியிருந்தது. ஒரு கையால் கருப்பையை அழுத்தித் தேய்த்துக்கொண்டே கூட இருந்த செவிலியைக் கூப்பிட்டேன். அவர் இரண்டு கைகளிலும் ஊசி ஏற்றி, ஒன்றில் ஆக்ஸிடோசின் கலந்த குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார், சிறுநீரை வெளியேற்றினார், மருத்துவரை எழுப்பினார், 108க்குச் சொன்னார். ஆம்புலன்ஸில் தாலுகா மருத்துவமனை போகும்வரை அந்தக் கையை நான் எடுக்கவில்லை. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். நான்காம் நாள் வீட்டுக்குப் போனாள். அவளுக்கு முன்கூட்டியே எந்தப் பிரச்சினையும் இல்லை. அட்டையில் சிவப்பு மையில் ஒரு குறிப்புகூட இல்லை.

நிறைமாதத்தில் கருப்பைக்குள் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்த இடம் ஒரு தட்டின் அகலத்துக்குத் திறந்த புண். கருப்பைத் தசை இறுகிப் பிடித்தால்தான் அங்குள்ள குழாய்கள் மூடும். அது தளர்ந்தால் நிமிடக் கணக்கில் பெண் வெளுத்துவிடுவாள். கவனிக்காமல் விட்டால் இரண்டு மணி நேரத்தில் உயிரே போய்விடும். இதைத் தடுக்கத்தான் பிள்ளை பிறந்த கையோடு தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் போடுகிறோம். அந்த மருந்தைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி சூட்டில் வைத்திருக்க வேண்டும். கைப்பையில் வைத்துக்கொண்டு வெயிலில் ஊர் ஊராகப் போனால் பாட்டில் இருக்கும், வீரியம் இருக்காது. உங்கள் கணவர் சொல்லும் அம்மாள் அந்த மருந்தை வைத்திருக்கிறாரா, வைத்திருந்தால் எதில் வைத்திருக்கிறார் என்று கேட்டுப்பாருங்கள். 'இயற்கை' என்று சொல்லி ஊசியே வேண்டாம் என்பவராக இருந்தால் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

2018 ஜூலையில் திருப்பூரில் நடந்தது உங்கள் பகுதியில் எல்லோருக்கும் நினைவிருக்கும். காணொளி பார்த்து வீட்டிலேயே நடத்திய பிரசவம். குழந்தை நன்றாகத்தான் பிறந்தது. தாய் உதிரப்போக்கில் போய்விட்டார்.

உங்களுக்கு ரத்தம், அதாவது ஹீமோகுளோபின் அளவு, 9.2. கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். நம் நாட்டில் கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு மேல் அப்படித்தான் இருக்கிறார்கள் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நல்ல ரத்தம் உள்ளவள் அரை லிட்டர் இழந்தால் தலைசுற்றலோடு தப்புவாள். 9.2 உள்ளவளுக்கு அந்த அரை லிட்டரே பெரிய இழப்பு. "மற்றதெல்லாம் சரி" என்று நர்சம்மா சொன்னது உண்மைதான். ஆனால் இந்த ஒன்று சரியில்லை.

இப்போது உங்கள் பாட்டிக்கு வருகிறேன். ஆறு பெற்றார், சரி. அவர் காலத்தில் அந்தத் தெருவில் எத்தனை பேர் பெற்றார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்றும் கேளுங்கள். என் அப்பத்தா ஒன்பது பெற்று ஐந்தை வளர்த்தவர். அவருடைய நாத்தனார் ஒருவர் வயிற்றுப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தார். எங்கள் ஊர் எல்லையில் அவர் நினைவாக நட்ட சுமைதாங்கிக் கல் இன்னும் நிற்கிறது. பழைய சாலைகளின் ஓரத்தில், இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தலைச்சுமையை இறக்கி வைக்க என்றுதான் நினைப்போம். இறக்க முடியாத சுமையோடு செத்தவளுக்காக வைத்த கல் அது. ஊருக்கு ஊர் அந்தக் கல் இருந்தது.

அந்தக் கால மருத்துவச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள். உத்தரத்தில் கயிறு கட்டிப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள், குத்தவைத்துப் பெறவைப்பார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள். நாங்கள் மேசையில் கட்டிப்போட்டதைவிட அது எவ்வளவோ மேல். இன்றைய ஆராய்ச்சிகளும் அந்தக் கையின் பக்கம்தான் பேசுகின்றன. அவளுக்குக் கூலி இரண்டு மரக்கால் நெல்லும் ஒரு பழஞ்சேலையும். இன்று பாரம்பரியம் என்று நெகிழ்கிற பல குடும்பங்கள் அவளைக் கொல்லைப்புற வழியாகத்தான் உள்ளே விட்டன. போனபின் தண்ணீர் தெளித்தன. அது போகட்டும். அவளிடம் இல்லாதது ஒன்றுதான்: கைமீறிப் போனால் அனுப்புவதற்கு ஓர் இடம். ரத்தம் நிற்காவிட்டால் அவளும் உட்கார்ந்து அழ வேண்டியதுதான். தமிழ்நாட்டில் 2004-06இல் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 111 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20இல் அது 54. இந்த வித்தியாசம் பெரும்பாலும் அந்த 'அனுப்புகிற இடம்' பக்கத்தில் வந்ததால் கிடைத்தது.

வெளிநாட்டுக் கதையில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை மறைக்க மாட்டேன். இங்கிலாந்தில் ஆபத்துக்குறி எதுவும் இல்லாத சுமார் 64,000 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. இரண்டாவது பிரசவமோ அதற்கு மேலோ ஆனவர்கள் வீட்டில் பெறத் திட்டமிட்டபோது குழந்தைக்குக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. தலைப்பிரசவக்காரிகளுக்குத் தெரிந்தது: மோசமான விளைவு மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. உங்கள் கணவர் "என் மனைவிக்கு இது இரண்டாவது" என்பார். அதே ஆய்வில், வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவங்களில் நூற்றுக்கு 45 பேரையும், மற்றவர்களில் சுமார் 12 பேரையும் நடுவழியில் மருத்துவமனைக்கு மாற்றினார்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். மாற்றுவதை அங்கே தோல்வியாக நினைப்பதில்லை. திட்டத்திலேயே அது ஒரு பகுதி. வருகிறவர் பதிவு பெற்ற மருத்துவச்சி. பிள்ளை பிறக்கும் நேரத்தில் வழக்கமாக இரண்டு பேர் இருப்பார்கள். மருந்து, குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் பை எல்லாம் கையோடு வரும். போகும் மருத்துவமனைக்கு இந்தப் பெண் யார் என்று முன்பே தெரியும். அங்கேயும் ரத்தம் 8.5க்குக் கீழே என்றால் பெரிய மருத்துவமனைக்கு வரச் சொல்வார்கள், 8.5 முதல் 10.5 வரை என்றால் தனியாக உட்காரவைத்துப் பேசித்தான் முடிவெடுப்பார்கள். உங்கள் 9.2ஐ அவர்களும் லேசில் விட மாட்டார்கள்.

நம் ஊரில் வீட்டுக்கு வருகிறேன் என்பவருக்குப் பின்னால் இதில் எதுவும் இல்லை. பிரசவம் பார்க்கத் தகுதி உண்டென்றால் மாநிலச் செவிலியர், பேறுகாலச் செவிலியர் மன்றத்தில் பதிவு எண் இருக்கும். 1926ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இங்கே அந்தப் பதிவு உண்டு. அந்த எண்ணைக் கேளுங்கள். 'இதுவரை எத்தனை பிரசவம் பார்த்தீர்கள்' என்பதைவிட 'எத்தனை பேரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினீர்கள்' என்று கேளுங்கள். ஒருவரையும் அனுப்பியதில்லை என்று பெருமையாகச் சொன்னால், உங்கள் கணவருக்கும் அந்தப் பதிலே போதும்.

இந்தியாவில் மருத்துவச்சி என்ற தொழில் மறுபடி தலைதூக்குகிறது என்பது நல்ல செய்தி. 2018இல் மத்திய அரசு அதற்கென வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. செவிலியருக்கு 18 மாதம் தனிப் பயிற்சி. தெலங்கானாவில் அதற்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். அவர்கள் வேலை செய்வதும் மருத்துவமனைக்குள்தான்: மருத்துவச்சி நடத்தும் தனி அறை, பக்கத்திலேயே அறுவை அரங்கு. தமிழ்நாட்டில் 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் 64. இப்படி ஒரு நிலையில் உங்கள் கணவர் ஆஸ்பத்திரியை நம்பாததில் வியப்பில்லை. அதற்கு மருந்து நல்ல மருத்துவச்சிகள்; வீட்டுத் திண்ணை அல்ல.

ஒன்றைக் கவனித்தீர்களா? உங்களுக்கும் ஒரு மருத்துவச்சி ஏற்கெனவே இருக்கிறார். "எங்கள் ஊர் நர்சம்மா" என்று எழுதியிருக்கிறீர்களே, கிராம சுகாதார செவிலியர், அவர்தான். உங்கள் வீட்டுப் படியேறி வந்து ரத்தம் பார்த்தவர். முதல் பிரசவத்தில் நடந்ததை எனக்கு எழுதியதுபோல அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள், சொல்லுங்கள். எந்த நிலையத்தில் இரவில் யார் இருப்பார்கள், யார் பொறுமையானவர், யாரிடம் பேச வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

ரத்தத்துக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீ குடிக்கிற நேரத்தோடு சேர்த்துப் போடாதீர்கள், பயனில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒரு நெல்லிக்காயோடு போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த பரிசோதனையில் ஏறவில்லை என்றால் இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்வார்கள். அப்போதும் 10ஐத் தாண்டாவிட்டால் பிரசவத்தை ரத்தம் ஏற்றும் வசதியுள்ள இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. உங்களுக்கு அது தாலுகா மருத்துவமனையா, அதற்கும் மேலா என்று நர்சம்மாவிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

வலி வந்ததும் ஓட வேண்டியதில்லை. பொய் வலியா மெய் வலியா என்று பார்க்க வெந்நீரில் குளியுங்கள், முற்றத்தில் நடங்கள், சாப்பிடுங்கள். நீங்கள் ஆசைப்படுகிற 'வீட்டுப் பிரசவத்தின்' முதல் பாதி இதுதான், அதை யாரும் பறிக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு வலி என்று சீராக வரத் தொடங்கினால் கிளம்பிவிடுங்கள். இரண்டாவது பிரசவம் வேகமாக வரும், தூரம் வேறு இருக்கிறது. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ வலிக்குக் காத்திருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் அம்மாவை உள்ளே விடாதது அந்த இடத்தின் தவறு. இந்த முறை மாமியாரையே துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது; எதிர்த்துப் பேசும் துணிச்சல் அந்த வீட்டில் அவருக்குத்தான் இருக்கிறதுபோல் தெரிகிறது. கணவர் ஓட்டுநர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, ரத்தம் கொடுக்க இரண்டு நண்பர்களைத் தயாராக வைத்திருக்கட்டும். இயற்கைக் குழுவில் ஆள்பலம் இருக்குமே, இதற்கு உதவட்டும்.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனை நாள். காலையில் கூட்டமாக இருக்கும். ஒரு மணிக்கு மேல் போங்கள். பிரசவ அறையைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், மேசையில் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். பணியில் இருக்கும் செவிலியரிடம் ஐந்து விஷயம் சொல்லுங்கள்: வலி நேரத்தில் நடக்க விட வேண்டும், ஒருக்களித்தோ உட்கார்ந்தோ பெற விருப்பம், கத்தரிக்கத் தேவை வந்தால் என்னிடம் சொல்லி, மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுச் செய்யுங்கள், பிள்ளை பிறந்ததும் துடைத்து என் நெஞ்சில் போடுங்கள், தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது கழித்து வெட்டுங்கள். இதில் ஒன்றுகூட அதிகப்படியானதில்லை. "முதல் தடவை எனக்கு இப்படி ஆயிற்று, அதனால் கேட்கிறேன்" என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்களில் பாதிப்பேர் அதட்டுவது பழக்கத்தில்தான். முகத்தைப் பார்த்துச் சொன்னால் குரல் இறங்கிவிடும். இறங்காதவர் என்றால் மருத்துவ அலுவலர் அடுத்த அறையில்தான் இருப்பார், மாமியாரை அனுப்புங்கள்.

பரிசோதனை முடிந்து ரத்தம் எவ்வளவு என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.